அரசு வீட்டுத் திட்டமும் எம்.எல்.ஏ. குடும்ப கிரஷரும்: எந்தச் சட்டத்தில் பிடிக்கலாம்?

வண்டல்மண் (கேள்வி)

வணக்கம். ஊர், பெயர் எதுவும் வேண்டாம், நிலவரம் மட்டும் சொல்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம், மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டமான பி.எம்.ஏ.ஒய்-ஜி தொகுப்பு வீடு இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு மேல் வீடுகளுக்கு வேலை நடக்கிறது. எம்.எல்.ஏ.வின் மகன் பெயரில் கிரஷரும் செங்கல் சூளையும் இருக்கின்றன. "அங்கே சரக்கு எடுத்தால் பில் சீக்கிரம் போகும்" என்று ஆணை வாங்கியவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. ஊராட்சித் தலைவரின் தம்பி பத்துப் பதினைந்து வீடுகளை மொத்தமாக எடுத்துக் கட்டித் தருகிறார். பக்கத்து நகரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் அடுக்குமாடிக்கு டெண்டர் எடுத்த கூட்டு நிறுவனத்தில் எம்.எல்.ஏ.வின் மனைவியும் பங்குதாரர் என்கிறார்கள்.

அரசு ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் தகுதியிழக்கச் செய்யும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவில் பதவி போகும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? எந்த ஆவணத்தை எங்கே எடுப்பது, யாரிடம் கொடுப்பது?

கட்சிக்காரன்இல்லை

நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட 9ஏ-யில் நிற்காது. ஏன் என்று தெரிந்தால்தான் மனுவை வேறு வழியில் எழுத முடியும்.

9ஏ-க்கு நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். ஒப்பந்தம் அவரே போட்டதாக இருக்க வேண்டும், அவருடைய தொழில் சார்ந்து போட்டதாக இருக்க வேண்டும், எம்.எல்.ஏ. என்றால் மாநில அரசுடன் போட்டிருக்க வேண்டும், அதுவும் பொருள் வழங்கவோ அரசு எடுத்த வேலையைச் செய்யவோ. புகாருக்குரிய தேதியில் அது நடப்பில் இருக்க வேண்டும். வேலையை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டு பில் பணம் மட்டும் பாக்கி என்றால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ள முடியாது. சட்டத்தின் விளக்கக் குறிப்பே அப்படித்தான் சொல்கிறது.

இனி உங்கள் மூன்றையும் பாருங்கள். மகனின் கிரஷரில் சரக்கு வாங்குவது பயனாளி, அரசு இல்லை. ஆகவே அரசு ஒப்பந்தம் என்று ஒன்றே அங்கே கிடையாது. மனைவி பங்குதாரர் என்பது "அவரே போட்ட" ஒப்பந்தம் ஆகாது. 1951-ல் இந்தச் சட்டம் வந்தபோது 7(டி) பிரிவில், அவருக்காகவோ அவர் நலனுக்காகவோ வேறொருவர் போட்ட ஒப்பந்தத்தில் பங்கு இருந்தாலும் தகுதியிழப்பு என்று இருந்தது. பினாமியைப் பிடிக்கிற வாசகம் அதுதான். 1958-ல் அதைச் சுருக்கினார்கள், 1966-ல் 9ஏ வந்தபோதும் திரும்ப வரவில்லை. முன்பு "சேவைகள்" என்றும் இருந்தது, அதுவும் போயிற்று. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

மூன்றாவது, வாரியம். அது தனிச் சட்டத்தின்கீழ் அமைந்த அமைப்பு. சட்டப்பூர்வக் கழகத்துடனோ உள்ளாட்சியுடனோ போட்ட ஒப்பந்தம் 9ஏ சொல்லும் அரசுடன் போட்டதாகாது என்று ஸ்ரீகாந்த் எதிர் வசந்தராவ் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எம்.எல்.ஏ. தன் சொந்தப் பெயரிலேயே வாரிய டெண்டர் எடுத்தாலும் 9ஏ தொடாது.

9ஏ வேலை செய்த இடமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பஜ்ரங் பகதூர் சிங் (பா.ஜ.க.), உமாசங்கர் சிங் (பகுஜன் சமாஜ்) ஆகிய இரண்டு எம்.எல்.ஏ.க்கள் பொதுப்பணித் துறைச் சாலை ஒப்பந்தங்களுக்காக 2015 ஜனவரியில் ஆளுநர் உத்தரவால் பதவி இழந்தார்கள். அங்கே ஒப்பந்தம் நேரடியாகத் துறையுடன். அந்த வழியில் போனால் அரசமைப்புச் சட்டம் 192-ன்கீழ் ஆளுநரிடம் மனு கொடுக்க வேண்டும், அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படியே முடிவெடுக்க வேண்டும். ஒப்பந்தம் வேட்புமனு நாளிலேயே இருந்திருந்தால் அந்த வழியும் கிடையாது. தேர்தல் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு, அவ்வளவுதான்.

ஊராட்சித் தலைவர் விஷயம் வேறு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 37, 38 பிரிவுகள் இன்னும் கடுமையானவை: ஊராட்சி வேலையிலோ ஒப்பந்தத்திலோ "அக்கறை" இருந்தாலே பிரச்சினை. ஆனால் தம்பி செய்வது பயனாளியின் சொந்த வேலை, ஊராட்சி வேலை இல்லை. அதனால் அங்கேயும் தகுதியிழப்பைவிட, தலைவரை நீக்குவது பற்றிய 205-ன்கீழ் ஆட்சியரிடம் போவது நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு வலு எங்கிருந்து வரும் என்றால் திட்ட விதியிலிருந்து. அதைப் பொறியாளர் யாராவது சொல்லட்டும்.

எம்புக்

சொல்கிறேன். பி.எம்.ஏ.ஒய்-ஜி வழிகாட்டு நெறியில் ஒரு வரி இருக்கிறது: வீட்டைப் பயனாளியே கட்ட வேண்டும், மாநிலம் காண்ட்ராக்டரை ஈடுபடுத்தக் கூடாது, மீறினால் மத்திய அரசு விடுவித்த தொகையைத் திரும்பப் பெறலாம். வண்டல்மண் சார், உங்கள் மனுவில் முதல் பத்தி இதுதான். "தலைவரின் தம்பி" என்று ஆரம்பித்தால் அரசியல் புகார் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். "ஒரே ஆள் 15 வீடு கட்டுகிறார், விதி மீறல், தொகை திரும்பப் போகும்" என்று எழுதினால் திட்ட இயக்குநர் படித்தே ஆக வேண்டும்.

அடுத்து, இந்தத் தொழிலில் லாபம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கனவு இல்லம் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. சிமெண்டும் கம்பியும் துறை வழியாக வந்து, பில்லில் கழிந்துவிடும். வெளியே வாங்குவது செங்கல், எம்-சாண்ட், ஜல்லி. 20-க்கு 18 அடி வீடு, நடுவே ஒரு சுவர், 10 அடி உயரம் என்று வையுங்கள். கதவு ஜன்னல் கழித்து ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 600 கன அடி வரும். கல் ஏறக்குறைய 8,000. எம்-சாண்ட் கட்டு, பூச்சு, கூரை எல்லாம் சேர்த்து சுமார் 4 யூனிட், அதாவது 400 கன அடி. கல்லுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வைத்தால் வீட்டுக்கு 8,000 ரூபாய், நூறு வீட்டுக்கு 8 லட்சம். டெண்டர் இல்லை, எம்புக்கில் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பதிவும் இல்லை. ஓவர்சியர் சுவரின் அளவைத்தான் எழுதுவார், கல் யாருடையது என்று எழுத மாட்டார். பி.எம்.ஏ.ஒய்-ஜி வீடுகளுக்கான ஆவாஸ் செயலியில் ஏறும் ஜியோ டேக் (இடக் குறியிட்ட) படமும் அப்படித்தான்: அஸ்திவாரம் இருக்கிறது, லிண்டல் இருக்கிறது, கூரை இருக்கிறது. எந்தச் சூளைக் கல் என்று படத்தில் தெரியாது.

விலையை விடப் பெரிய இழப்பு அளவில் நடக்கும். "ஒரு யூனிட்" என்று வரும் லாரியில் 100 கன அடி இருக்காது. இறக்குவதற்கு முன் பாடியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். நடுவில் குவித்து ஓரம் தாழ்ந்திருந்தால் உயரத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். தூள் அதிகமாக இருக்கிற சரக்கை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் தூள் அடுக்கு தடிமனாக இருந்தால் பூச்சில் மயிரிழை வெடிப்பு நிச்சயம்.

ஆதாரம் எது என்றால் நடைச்சீட்டு, அதாவது கனிமம் ஏற்றிவரும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு. ஒவ்வொரு லோடுக்கும் கிரஷரின் பெயர், வண்டி எண், தேதி அதில் இருக்கும். பயனாளிகள் ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் போனில் படம். நாற்பது வீட்டுக்கும் ஒரே கிரஷர் சீட்டு, விலை வெளிச் சந்தையை விடக் கூடுதல் என்று வந்தால் அதை யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது. சீட்டே இல்லாமல் வந்த லோடு என்றால் கனிமவளத் துறைக்குத் தனியாக ஒரு புகார், அதற்கு எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லவே தேவையில்லை.

வண்டல்மண்

நன்றி எம்புக் சார், கணக்கு கண்ணைத் திறந்தது. ஆனால் பயனாளிகள் எழுதிக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். அடுத்த தவணை நிற்கும் என்ற பயம். அவர்கள் பெயர் இல்லாமல் செய்ய வழி உண்டா? மனைவி பங்குதாரர் என்பதையும் எப்படி உறுதி செய்வது?

பத்துரூபாய்முத்திரை

இரண்டாவதை முதலில் முடிக்கிறேன், எளிது. டெண்டர் யாருக்குப் போனது என்பதை தமிழ்நாடு டெண்டர்ஸ் தளத்தில் பணி ஆணை விவரத்தில் பாருங்கள். கிடைத்த நிறுவனப் பெயரை ஜி.எஸ்.டி. தளத்தில் "வரி செலுத்துபவரைத் தேடு" பகுதியில் போடுங்கள் (ஜி.எஸ்.டி. எண் தெரிந்தால் நல்லது, அது கடையின் பெயர்ப் பலகையிலேயே இருக்கும்). தனியாள் நிறுவனம் என்றால் சட்டப் பெயர் என்ற இடத்தில் ஆளின் சொந்தப் பெயரே வந்துவிடும். கூட்டு நிறுவனம் என்றால் பதிவுத் துறையில் பதிவாளரிடம் சான்றிட்ட நகல் கேளுங்கள், பங்குதாரர் சேர்ந்த தேதி, விலகிய தேதி அதில் வரும். தேதிதான் முக்கியம். டெண்டர் திறப்பதற்குப் பத்து நாள் முன்பு விலகி, அந்த இடத்தில் மைத்துனர் நுழைந்திருப்பார், இது வழக்கமான வேலை. கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர் பட்டியல்.

பிறகு எம்.எல்.ஏ. வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐ எடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் லோக் பிரஹரி வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு 2018-ல் அந்தப் படிவத்தைத் திருத்தினார்கள். வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர், அவர்களுக்குப் பங்குள்ள கூட்டு நிறுவனம், தனியார் கம்பெனி ஆகியவற்றின் அரசு ஒப்பந்த விவரம் கேட்கிற பத்தி இப்போது இருக்கிறது. "இல்லை" என்று எழுதிவிட்டு ஒப்பந்தம் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ-யின்கீழ் பொய்ப் பிரமாணப் பத்திரம், ஆறு மாதம் வரை சிறை. 9ஏ-யைவிட இது நடைமுறைக்குக் கிட்ட. ஆனால் இங்கேயும் தேதி பார்க்க வேண்டும், பிரமாணம் செய்த நாளில் ஒப்பந்தம் இருந்ததா என்று.

இனி பயனாளி பெயர் இல்லாமல். பி.எம்.ஏ.ஒய்-ஜி தளத்தில் அறிக்கைகளுக்குள் போய், சமூகத் தணிக்கை என்ற பிரிவில் "சரிபார்ப்புக்கான பயனாளி விவரம்" என்று இருக்கும். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு கொடுத்தால் பட்டியலும் தவணை நிலையும் வரும். யாருக்குச் சீக்கிரம் போனது, யாருக்கு மாதக்கணக்கில் நின்றது என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் "சரக்கு எங்கே எடுத்தது" என்ற பத்தியை மட்டும் நீங்கள் நேரில் விசாரித்து நிரப்புங்கள். "எடுத்தால் பில் போகும்" என்ற பேச்சு உண்மையா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். தொடர்பே இல்லை என்றால் புகாரைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அதுவும் நல்லதுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு பத்து ரூபாய் கட்டணம், நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பதில் 30 நாள். "ஊழல் நடந்ததா" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்றும் கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஊராட்சியின் வேலை உத்தரவு நகல், எம்புக் பக்கங்கள், சிமெண்ட் கம்பி வழங்கல் பதிவேடு, ஒவ்வொரு தவணைக்கும் பரிந்துரை வந்த தேதியும் விடுவித்த தேதியும். தனிநபர் தகவல் என்று அந்தச் சட்டத்தின் 8(1)-ஐக் காட்டி மறுப்பார்கள். மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி)(12) சொல்கிறது, பொது நலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்று 8(2)-ல் இருக்கிறது. இரண்டையும் முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். வேலையைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் 2(ஜே) உரிமை தருகிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

கட்சிக்காரன்இல்லை

வாரிய டெண்டரில் இன்னொரு கதவு. ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்ட விதிப்படி 2 கோடி ரூபாய் வரை டெண்டர் போட 15 நாளாவது கொடுக்க வேண்டும், அதற்கு மேல் 30 நாள். குறைத்தால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தக் காரணக் குறிப்பைக் கேளுங்கள். பல சமயம் கோப்பில் இருக்கிற பலவீனமான தாள் அதுதான். திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமா என்றும் பாருங்கள். 2021-ல் நகர்ப்புற ஏழைகள் வீட்டுவசதிக்கு 15 கோடி டாலர் கடன் கையெழுத்தானது. அந்தப் பணம் கலந்த டெண்டர் என்றால் வங்கியின் நேர்மைப் பிரிவுக்கே எழுதலாம். அங்கே நலன் முரண் என்பது தனிக் குற்றச்சாட்டு, மனைவி, மைத்துனர் என்பதெல்லாம் கணக்கில் வரும்.

அமைச்சர் என்றால் நடத்தை விதி இருக்கிறது: அரசுக்குப் பொருள் வழங்கும் தொழிலாக இருந்தால் பங்கையும் நிர்வாகத்தையும் விட்டுவிட வேண்டும். சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு அதுவும் இல்லை.

கோப்புஎண்

குறுக்கே ஒரு வார்த்தை. தரக் குறைபாட்டையும் நலன் முரணையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தபோது ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிபுணர் குழுவை வைத்து ஆய்வு நடந்தது. அந்தப் பாதையில் கேள்வி சிமெண்டு விகிதம் பற்றியதாகிவிடும், ஒப்பந்தம் யாருக்கு ஏன் போனது என்பது பின்னால் தள்ளப்படும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று தெரிய வேண்டுமானால் மகாராஷ்டிரத்தின் ஜல்கான் கர்குல் வழக்கைப் பாருங்கள். ஏழைகளுக்கான வீட்டுத் திட்டம், ஒரே கட்டுமான நிறுவனத்துக்கு ஒப்பந்தம், பல வீடுகள் முடியவே இல்லை. நகராட்சி ஆணையர் 2006-ல் புகார் கொடுத்தார். முன்னாள் அமைச்சர் சுரேஷ் ஜெயின் 2012-ல் கைதானார். 2019 ஆகஸ்டில் துலே சிறப்பு நீதிமன்றம் 48 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஜெயினுக்கு 7 ஆண்டு, 100 கோடி ரூபாய் அபராதம். மேல்முறையீடு போனது. கவனியுங்கள், அங்கே வழக்கு நின்றது தகுதியிழப்புப் பிரிவில் இல்லை, நகராட்சித் தீர்மானங்களிலும் பணம் விடுவித்த காகிதங்களிலும். நீங்களும் தீர்மானப் புத்தக நகலை எடுத்து வையுங்கள், பின்னால் பக்கம் மாறாது.

வண்டல்மண்

அப்படியானால் முதலில் தவணைத் தாள், பிறகு திட்ட விதி மீறல் மனு, வாரிய டெண்டர் தனி. கிராம சபையில் எழுப்பலாமா?

எம்புக்

எழுப்பலாம், ஆனால் பெயர் சொல்லாமல் தீர்மானமாக: "பயனாளி விரும்பிய இடத்தில் செங்கல், எம்-சாண்ட் வாங்கலாம், அதற்கும் தவணைக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அலுவலகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்." இதை எதிர்த்துக் கை தூக்க யாராலும் முடியாது. தீர்மான எண்ணை அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் பக்கத்தில் தீர்மானத்துக்குக் கீழே காலி இடம் விடாமல் கோடு போடச் சொல்லுங்கள்.