கப்பல் கேன்சல், கரண்ட் போயி போயி வருது, பாப்பாவோட தனியா இருக்கேன். இங்க குளிர்காலத்த எப்படி தாண்டுறது?

தீவுல_தனியா:
வணக்கம். நாங்க ஸ்காட்லாந்துல ஒரு தீவுக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகுது. நேத்து ராத்திரி ரெண்டு மணிநேரம் கரண்ட் இல்ல, காத்து சத்தத்துல பாப்பா அழுதுட்டே இருந்தா, எனக்கும் அழுகைதான் வந்துச்சு. வேலை விஷயமா அபர்டீன் போன வீட்டுக்காரர் கப்பல் கேன்சல் ஆகி அங்கயே மாட்டிக்கிட்டார், இன்னும் ரெண்டு நாளாவது ஆகுமாம். கடையில பால், பிரெட் எல்லாம் காலி. மூணு மணிக்கே இருட்டிடுது. ஹீட்டர் இருந்தும் சாயங்காலம் ஆனா வீடு ஜில்லுனு ஆயிடுது. மார்ச் வரைக்கும் இப்படியேதானா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_குளிர்:
தங்கச்சி பயப்படாத. முதல்ல நல்ல கனமான ஜாக்கெட் ஒன்னு வாங்கிடு, மத்ததெல்லாம் அப்புறம். நான் 2009ல கிளாஸ்கோ வந்தப்ப மெல்லிசா ஒரு ஸ்வெட்டர்தான் இருந்துச்சு, ரூம்ல ஹீட்டிங் வேலை செய்யாது, வீட்டு ஓனர் போனே எடுக்க மாட்டார், ராத்திரி ஷூ போட்டுக்கிட்டே தூங்குவேன், மூணு மாசம் அப்படித்தான் ஓடுச்சு. அதுக்கே தாக்கு பிடிச்சேன், உன்னாலயும் முடியும்.

காத்துப்பக்கம்:
அண்ணா, தீவுக்கு அது சரிவராது. நான் ஸ்காட்லாந்துக்கு வடக்க ஓர்க்னி தீவுல நாலு வருஷம் இருந்தேன். தெர்மாமீட்டர்ல பாத்தா கிளாஸ்கோ அளவுக்குத்தான் குளிர் இருக்கும், ஆளை அடிக்கிறது காத்தும் மழையும்தான். உள்ள கம்பளி, வெளிய காத்து புகாத மெல்லிய கோட், அது போதும். பஞ்சு வெச்ச ஜாக்கெட் நனைஞ்சா அவ்ளோதான். குடையும் வேணாம். நீங்க எந்த தீவுன்னு சொல்லவே இல்லையே?

வெளிச்சம்_தேடி:
ஜாக்கெட்ட விடுங்க, மனசுதான் முக்கியம். விட்டமின் டி மாத்திரை 10 மைக்ரோகிராம் தினமும் எடுங்க, அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் எல்லாருமே எடுக்கலாம்னு இங்கத்த அரசு மருத்துவ சேவை என்எச்எஸ்ஸே சொல்லுது. நான் முதல் வருஷம் யார்கிட்டயும் பேசாம வீட்டுக்குள்ளயே இருந்து ரொம்ப மோசமா ஆயிட்டேன். தயவு செஞ்சு தெனம் மத்தியானம் பாப்பாவ தூக்கிட்டு அரை மணிநேரம் வெளிய போங்க.

காத்துப்பக்கம்:
புயல் அடிக்கும்போது கைக்குழந்தையோட வெளிய போகச் சொல்லாதீங்க. காத்து அடங்கட்டும், அப்புறம் போகலாம்.

தீவுல_தனியா:
சொல்ல விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஷெட்லாண்ட், அதுலயும் யெல் தீவு. பாப்பாவுக்கு ஏழு மாசம், ஃபார்முலா பவுடர் பால்தான். பவுடர் நாளைக்கு ராத்திரி வரைக்கும்தான் வரும். ஹீட்டர் சுவத்தோரமா கனமா பெட்டி மாதிரி இருக்கு, ராத்திரியெல்லாம் கொதிக்குது, சாயங்காலம் சூடே இல்ல.

விசா_வேதனை:
விசாவோட சேத்து வருஷத்துக்கு 1035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டிட்டு வர்றோம், வந்தா டாக்டர பாக்க வாரக்கணக்கா காத்திருக்கணும். பார்சல் கேட்டா தீவுக்கு அனுப்ப மாட்டோம்ங்கறான், இல்லன்னா கூட காசு கேக்கறான்.

பழைய_குளிர்:
அத ஏன் கேக்குறீங்க, எனக்கு ஒரு கட்டில் வர ஆறு வாரம் ஆச்சு.

ஆறு_குளிர்காலம்:
கொஞ்சம் நிறுத்துங்கப்பா, அந்த பொண்ணுகிட்ட பால் பவுடர் நாளை வரைக்கும்தான் இருக்காம், அத யாருமே கவனிக்கல. நான் ஷெட்லாண்ட்லயே லெர்விக் டவுன்ல நர்ஸா ஆறு குளிர்காலம் பாத்தவ. இன்னிக்கே பக்கத்து வீட்டு கதவ தட்டும்மா. கூச்சப்படாத, இங்க அது தப்பே இல்ல, குழந்தைக்கு பால் இல்லன்னு சொன்னா ஊரே தேடும். சின்ன குழந்தைங்கள பாத்துக்கற நர்ஸ், அதான் ஹெல்த் விசிட்டர், அவங்களுக்கும் போன் போடு. பவுடர் தீராம இருக்கணும்னு தண்ணிய அதிகமா கலந்து மட்டும் குடுத்துடாத. ஒரு வயசு வரைக்கும் பசும்பாலும் குடிக்க குடுக்கக்கூடாது, கஞ்சி கூழ்ல சேக்கலாம். ராத்திரி, வார லீவுல உடம்பு விஷயமா சந்தேகம்னா என்எச்எஸ் நம்பர் 111க்கு போன் போடு.

கரண்ட் போனா 105க்கு போன் போடு, இலவசம். அஞ்சு வயசுக்கு கீழ குழந்தை இருக்குன்னு அவங்க முன்னுரிமை லிஸ்ட்ல பேர் குடுத்துடு. 2022 டிசம்பர்ல பனி உறைஞ்சு லைன் அறுந்து இங்க ஆயிரக்கணக்கான வீட்டுல பல நாள் கரண்ட் இல்ல, அதனால ரெண்டு மணிநேரம்தானேன்னு விட்டுடாத. கரண்ட் இருக்கும்போதே தண்ணி கொதிக்க வெச்சு ஃபிளாஸ்க் முழுக்க ஊத்தி இறுக்கி மூடி வை, பவுடர் கலக்க 70 டிகிரிக்கு குறையாம இருக்கணும். கப்பல் வந்ததும் கலக்காமலே குடுக்கற ரெடி ஃபார்முலா நாலஞ்சு வாங்கி வை. பேட்டரி ரேடியோ ஒன்னு, ஹெட் டார்ச் ஒன்னு. கரி அடுப்பு, கேம்பிங் ஸ்டவ் எதையும் வீட்டுக்குள்ள பத்த வெக்காதம்மா, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

உன் ஹீட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர். ராத்திரி சூட்டை உள்ள செங்கல்ல சேத்து வெச்சு பகல்ல விடும். ரெண்டு திருகு இருக்கும், இன்புட், அவுட்புட். இன்புட்ட கூட்டு. அவுட்புட்ட தூங்கப்போறதுக்கு முன்னாடியே குறைச்சுடு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல கூட்டு. அவுட்புட் முழுசா தெறந்து கிடக்கு, அதான் ராத்திரியே எல்லாம் வெளிய போயிடுது. நீங்க ரெண்டு பேரும் இப்போதைக்கு ஒரே ரூம்ல இருந்துக்கோங்க.

டிசம்பர் 21 சுத்தி பகல் ஆறு மணிநேரம் கூட இருக்காது, அதுக்கப்புறம் ஏறும், ஜனவரி கடைசில உனக்கே வித்தியாசம் தெரியும்.

தீவுல_தனியா:
அக்கா, பக்கத்து வீட்டம்மா அவங்க பேரனுக்கு வெச்சிருந்த டப்பா ஒன்னு குடுத்தாங்க, இன்னொன்னு வேற வீட்டுல கேட்டு வாங்கி தர்றேன்னாங்க. 105க்கும் பேசிட்டேன். ஹீட்டர்ல எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருக்கு, எது இன்புட்னு தெரியல.

ஆறு_குளிர்காலம்:
போட்டோ போடும்மா, முழிச்சுதான் இருக்கேன்.