அஞ்சு மணிக்கு டிவியில் அது இல்லை

குடும்பக் குழு, 2025 மே 27, செவ்வாய் மாலை

பெரிய மாமா, 5:04
அஞ்சு மணி ஆனதும் கை தானாக ரிமோட்டுக்குப் போய்விட்டது. போட்ட பிறகுதான் உறைத்தது, இ.எஸ்.பி.என். சேனலின் விளையாட்டு விவாத நிகழ்ச்சி அரவுண்ட் த ஹார்ன் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டதே என்று. 2002 நவம்பரில் ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 5000 எபிசோடு. நான் நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்தது 2003.

நான், 5:05
மாமா, கடைசி எபிசோடு பார்த்தீர்களா?

வள்ளி அத்தை, 5:06
பார்த்தார் திவ்யா. வைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது, தொடவே இல்லை.

கார்த்தி, 5:08
அப்பா, வருத்தமாகத்தான் இருக்கு. ஆனால் என் வயசில் யாரும் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கவில்லை, அதுதான் உண்மை. என் ரூமில் கேபிளே கிடையாது. யார் என்ன சொன்னார்கள் என்பது 40 வினாடித் துண்டாக போனுக்கு வந்துவிடும். அதுவும் போக, ஆட்டக்காரர்களே மைக் எடுத்துவிட்டார்கள். போன வருஷம் பாஸ்கெட்பால் வீரர் லெப்ரான் ஜேம்ஸும் முன்னாள் வீரர் ஜே.ஜே. ரெடிக்கும் பாட்காஸ்ட்டில் உட்கார்ந்து ஒரு ஆட்ட நகர்வைப் பிரித்துப் பிரித்துப் பேசியதைக் கேட்ட பிறகு, வெளியே இருந்து நாலு பேர் அதே லெப்ரானைப் பற்றி வாதாடுவதை நான் ஏன் கேட்கணும்?

பெரிய மாமா, 5:13
நீ சொல்வது சரிதான், எனக்கும் லெப்ரான் பேசியது பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்த காரணம் வேறப்பா. வந்த புதிதில் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில் திங்கள்கிழமை முழுக்க அமெரிக்கன் புட்பால் பேச்சு, எனக்கு ஒரு வார்த்தை புரியாது, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் இது கண்ணில் பட்டது. திரையில் நாலு கட்டத்தில் நாலு பத்திரிகைக்காரர்கள். டென்வர் போஸ்ட் உடி பெய்ஜ், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பில் பிளாஷ்கி, டாலஸ் மார்னிங் நியூஸ் டிம் கௌலிஷா, இப்படி ஒவ்வொருவரும் ஒரு ஊர். ஆட்டத்துக்குப் போய், வீரர்களிடம் பேசி, எழுதி, அப்புறம் வந்து சண்டை போடுகிறவர்கள். நிகழ்ச்சியை நடத்திய டோனி ரியாலி நல்ல வாதத்துக்குப் பாயின்ட் போடுவார், உளறினால் குரலை அடைத்துவிடுவார். ஒவ்வொருவராக வெளியே போக, கடைசியில் ஜெயிக்கிறவருக்கு அரை நிமிஷம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். நான் நோட்டு வைத்து எழுதினேன். புட்பாலில் பன்ட் என்றால் என்ன, அணிச் சம்பளத்துக்கு வரம்பு வைக்கும் சாலரி கேப் என்றால் என்ன, பேஸ்பாலில் பந்து எறிகிற பிட்சர் ஏன் வேண்டுமென்றே வாக் கொடுக்கிறான். ரெண்டு மாசத்தில் அந்த மேஜையில் நானும் வாயைத் திறந்தேன்.

வள்ளி அத்தை, 5:14
அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கு. நீல அட்டை, பின்பக்கம் மளிகைக் கணக்கு.

வள்ளி அத்தை, 5:15
எனக்கு ஆட்டம் எதுவும் தெரியாது. அந்தக் கடைசி அரை நிமிஷத்துக்குத்தான் அடுப்படியிலிருந்து வருவேன். ஒருவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் செத்துப்போன நண்பரைப் பற்றி. உடி பெய்ஜ் பின்னாலே சிலேட்டில் என்ன எழுதியிருக்கார் என்று இவர் படித்துச் சொல்வார்.

சரவணன் அண்ணா, 5:18
டாலஸிலிருந்து ஒன்று சொல்லவா மாமா. இந்த மாதிரி நிகழ்ச்சி எல்லாவற்றையும் நானும் பார்த்தவன்தான், ஸ்கிப் பெய்லஸும் ஷானன் ஷார்ப்பும் 2016-ல் தங்கள் விவாத நிகழ்ச்சியை ஆரம்பித்தபோது ஒரு நாள் விடமாட்டேன். 2020-ல் விட்டுவிட்டேன். டாலஸ் புட்பால் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் தன் அண்ணன் செத்துப்போனதையும் மன அழுத்தத்தில் இருந்ததையும் வெளியே சொன்னார், அதைப் பலவீனம் என்கிற மாதிரி பெய்லஸ் பேசினார். எங்கள் ஊர் குவார்ட்டர்பேக் என்பதற்காகச் சொல்லவில்லை. துக்கத்தைக்கூட வாதமாக்கினால்தான் அன்றைக்குச் சோறு என்று ஆகிவிட்டால் அதில் பார்க்க என்ன இருக்கு? 2023-ல் புட்பால் வீரர் டமர் ஹாம்லின் மைதானத்தில் மயங்கி விழுந்தபோதும் பெய்லஸ் எழுதியதைப் பார்த்து ஷார்ப்பே மறுநாள் நிகழ்ச்சிக்கு வரவில்லை. அந்த வருஷமே விலகினார். அடுத்த வருஷம் பெய்லஸும் போய்விட்டார்.

நான், 5:20
அண்ணா, அதனால்தான் ரியாலியை எனக்குப் பிடிக்கும். 2018-ல் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை இழந்துவிட்டு வந்து அதே நிகழ்ச்சியில் அதைச் சொன்னார். பாயின்ட் போடுகிற அதே மேஜை. அன்றைக்கு மாமா எனக்கு போன் செய்து சொன்னது ஞாபகம் இருக்கு, குரலே சரியில்லை.

கார்த்தி, 5:22
எனக்கு அது தெரியாது அக்கா.

கார்த்தி, 5:24
ஆனால் சரவணன் அண்ணா, கத்துவது மட்டும்தான் எடுபடுகிறது என்று முழுசாகச் சொல்ல முடியாது. இ.எஸ்.பி.என். விவாதக்காரர் ஸ்டீபன் ஏ. ஸ்மித்துக்கு இந்த வருஷம் அஞ்சு வருஷத்துக்கு குறைந்தது 10 கோடி டாலர் என்று செய்தி வந்ததே, அவரும் பிலடெல்பியா இன்கொயரரில் எழுதிக்கொண்டிருந்தவர்தான். விஷயம் தெரிந்தவர். ஒரே ஆளைச் சுற்றி எல்லாம் வந்துவிட்டது, அதுதான் மாற்றம். நாலு ஊர்க்காரர்கள் சமமாக உட்கார்ந்து பேசுகிறதுக்கு யாரும் பணம் போடமாட்டார்கள். அந்தப் பேப்பர்களிலேயே ஆள் குறைந்துவிட்டது அப்பா, ஆட்டத்துக்கு அனுப்ப ஆள் எங்கே?

பெரிய மாமா, 5:26
அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிளாஷ்கியும் பெய்ஜும் அடித்துக்கொள்ளும்போது ரெண்டு ஊர் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். இப்போது யார் பேசினாலும் எந்த ஊரிலிருந்து பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

கார்த்தி, 5:27
அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் அப்பா. முதல் பக்கம்.

வள்ளி அத்தை, 5:28
நான் எடுத்து அனுப்புகிறேன். மளிகைக் கணக்கும் சேர்ந்து வரும்.

பெரிய மாமா, 5:29
சரி, அஞ்சரைக்குப் பி.டி.ஐ. என்கிற இன்னொரு விளையாட்டு விவாத நிகழ்ச்சி வருகிறது. கோர்ன்ஹைசருக்கு 76 வயசு, வில்பனோடு 2001-லிருந்து உட்கார்ந்திருக்கார், அவர்களாவது இருக்கும்வரை பார்த்துவிடுகிறேன். ராத்திரி பாஸ்கெட்பாலில் நியூயார்க் நிக்ஸுக்கு நாலாவது ஆட்டம், இண்டியானா 2-1 முன்னால் இருக்கு. கார்த்தி, எட்டு மணிக்குக் கூப்பிடு, சேர்ந்து பார்க்கலாம்.