நாராவில் உள்ளூர் வழிகாட்டியுடன் சுற்றியவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் இலையுதிர் காலத்தில் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் செல்கிறேன். கியோட்டோவை நாங்களே பார்த்துக்கொள்வோம். நாராவுக்கு மட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் வர வேண்டும் என்று ஆசை. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து சென்ற துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பற்றிக்கொண்டார்களாம். கோயில் சிலைகளுக்குக் கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அப்பா. அந்த மண்டபத்தில் நின்று ஒருவர் இதைச் சொல்லி அவர் கேட்க வேண்டும். பலகையில் படிப்பது போதாது.

அங்குள்ள தன்னார்வ வழிகாட்டிகள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களுடைய பயணச் செலவு, நுழைவுச்சீட்டு, மதிய உணவை நாம் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறார்கள். அப்படிச் சென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு முன்னதாக எழுதிக் கேட்க வேண்டும்? அம்மாவுக்கு மூட்டுவலி, அவர் வேகத்துக்கு நடந்து, இடையிடையே உட்கார விடுவார்களா? மீன் சாறு சேராத சைவ உணவுக் கடையையும் அவர்களிடமே கேட்கலாமா? டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. வெறுங்கையுடன் விடைபெற எங்களுக்கு மனம் வராது. வீட்டில் சுட்ட முறுக்கைக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.