டர்போ இன்ஜினுக்கு கார்பன் ஃபைபர் கவர்: சென்னை வெயிலில் தாங்குமா?

மவுண்ட்ரோடு_டிஎஸ்ஐ:

வணக்கம். வண்டி ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. இன்ஜின் மேல இருக்கிற பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு கார்பன் ஃபைபர் கவர் போடலாம்னு இருக்கேன். ரெண்டு வகை கிடைக்குது. ஒண்ணு, பிளாஸ்டிக் கவர் மேலயே ஒரே ஒரு கார்பன் துணி ஒட்டி ரெசின் ஊத்தினது. இன்னொண்ணு முழுக்க கார்பன், "ட்ரை கார்பன்"னு சொல்றாங்க. விலை மூணு மடங்கு. ரெண்டுக்குமே "3கே ட்வில், 200 டிகிரி தாங்கும்"னுதான் பதில் வருது. வண்டி தினமும் நெரிசல்ல ஓடும், மே மாசம் முழுக்க வெட்டவெளியில நிக்கும். மஞ்சளாகுமா? கொப்புளம் வருமா? எதைக் கேட்டு வாங்கணும்?

ரெசின்_பட்டறை:

3கேன்னா ஒரு இழைக்கட்டுல 3,000 நுண்ணிழை இருக்குன்னு அர்த்தம். ட்வில்ங்கிறது நெசவு. சூடு தாங்குமாங்கிறதுக்கு இந்த ரெண்டுலயும் பதில் இல்லை. கார்பன் இழை 200 டிகிரிக்கெல்லாம் அசையாது, அது உண்மைதான். இளகுறது அதைப் பிடிச்சு வச்சிருக்கிற ரெசின், அதாவது ஈபாக்ஸி.

விறைப்பா இருக்கிற ஈபாக்ஸி ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினா ரப்பர் மாதிரி ஆகிடும். டேட்டாஷீட்ல அதை டி.ஜி.ன்னு போட்டிருப்பாங்க. அறை வெப்பத்துல இறுகவிட்டு அப்படியே வித்துட்ட கவருக்கு அது பெரும்பாலும் 50 முதல் 70 டிகிரிக்குள்ளதான் இருக்கும். அதையே ஓவன்ல வச்சு மறுபடி சூட்டுல இறுக வச்சிருந்தா (போஸ்ட் க்யூர்), ரெசினைப் பொறுத்து 80, 90 வரைக்கும் ஏறும். ட்ரை கார்பன்னு சொல்றது ப்ரீப்ரெக், அதாவது ரெசின் முன்னாடியே ஊறின துணி. 120 டிகிரியில அழுத்தம் கொடுத்து க்யூர் பண்ணினதுன்னா டி.ஜி. வழக்கமா 120-க்கு மேல நிக்கும். அதனால கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி: என்ன ரெசின், எத்தனை டிகிரியில எத்தனை மணி நேரம் க்யூர் பண்ணினீங்க? பதில் சொல்லத் தெரியலைன்னா வாங்காதீங்க.

இப்ப உங்க இன்ஜின் பக்கம் வாங்க. கூலன்ட் 90 முதல் 105 டிகிரியில ஓடுது. ஓடும்போது காத்து கொஞ்சம் காப்பாத்தும். ஆஃப் பண்ணினதும் அந்தக் காத்து நின்னுடும், சிலிண்டர் ஹெட்லயும் டர்போலயும் இருக்கிற சூடு நேரா மேல ஏறும். அடுத்த 10–20 நிமிஷம்தான் கவருக்கு உச்ச சோதனை. இந்த இன்ஜின்ல டர்போ ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) பக்கம் இருக்கு, அதனால கவரோட பின் ஓரம்தான் முதல்ல கெடும். 30 டிகிரி நாளுக்கும் 42 டிகிரி நாளுக்கும் உள்ள வித்தியாசம் இதுக்கு மேல ஒரு 10, 12 டிகிரி கூட்டுது. எல்லையில நிக்கிற ரெசினைத் தள்ளிவிட அது போதும்.

வெட்டவெளியில நிறுத்துறதை நினைச்சு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பானெட் மூடியிருந்தா கவர் மேல வெயிலே படாது. பானெட்டுக்குள்ள ஈபாக்ஸி மஞ்சளாகுறது சூட்டுல ஆக்சிஜன் சேர்றதால. புற ஊதா தடுக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) பைக் கவருக்கு அவசியம், இங்க அதுக்குன்னு கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒட்டுக் கவரை நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன். 40 செ.மீ. நீள ஏபிஎஸ் பிளாஸ்டிக் 60 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 மி.மீ. நீளும். மேல இருக்கிற கார்பன் 0.1 மி.மீ. கூட நீளாது. தினமும் ரெண்டு தடவை இந்த இழுபறி நடந்தா ஓரம் கிளம்பாம என்ன செய்யும்? கண்ணாடி இழை கலந்த நைலான் கவர் அவ்வளவு நீளாது, ஆனா நைலான்ல ஈபாக்ஸி சரியாப் பிடிக்கிறதில்லை.

கொப்புளத்துக்கு முன்னாடியே ஒரு அறிகுறி தெரியும். கண்ணாடி மாதிரி இருந்த மேற்பரப்புல துணியோட நெசவு மேடு பள்ளமாத் தெரிய ஆரம்பிக்கும். ரெசின் டி.ஜி.யைத் தாண்டிட்டு வந்திருக்குன்னு அதுக்கு அர்த்தம்.

அளந்துபார்:

மேலே சொன்னது சரி. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் அளந்துவிடுங்கள். நிறம் மாறினால் திரும்பாத வெப்ப ஸ்டிக்கர் பட்டை கிடைக்கிறது. 70 முதல் 120 டிகிரி வரை காட்டுவதாக வாங்கி, இப்போதுள்ள கவரின் அடியில் நடுவிலும் பின் ஓரத்திலும் ஒட்டுங்கள். ஏ.சி. போட்டு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, ஆஃப் செய்து, பானெட்டைத் திறக்காமல் 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். பின் ஓரத்தில் வரும் எண்ணைவிட டி.ஜி. 20 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் என்றால் கறுப்புப் பரப்பில் மட்டும் காட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

கவர் கைக்கு வந்ததும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளையாகக் கண்ணாடி இழை தெரிந்தால் அது முழு கார்பன் இல்லை. ஒரு நாணயத்தால் இரண்டு விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டுங்கள். டிக் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்கும் இடத்தில் அடுக்கு ஒட்டவில்லை. குண்டூசித் துளைகள் இருந்தால் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து அங்கேதான் கொப்புளம் எழும்.

முதலில் கழல்வது பெரும்பாலும் அடியில் ஒட்டிய க்ரோமெட் (கவரைத் தாங்கும் ரப்பர் வளையம்) இருக்கைகள். க்ளூ கன் பசை என்றால் முதல் வாரமே விழும். சுரண்டி எடுத்துவிட்டு, 80-ஆம் நம்பர் தாளால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் ஈபாக்ஸி பசையில் மறுபடி ஒட்டுங்கள்.

மவுண்ட்ரோடு_டிஎஸ்ஐ:

ரொம்ப நன்றிங்க. ஒட்டுக் கவர் வேண்டாம்னு முடிவு. பழைய கவர் அடியில இருக்கிற ஃபோமைப் பிச்சு புதுசுல ஒட்டலாமா? இல்லைன்னா சத்தம் கூடுமா?

கடலோர_கராஜ்:

கூடும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின், இன்ஜெக்டரோட டிக் டிக் சத்தத்தை அடக்குறதே அந்த ஃபோம்தான். பழசைப் பிச்சா கிழியும், எண்ணெய் ஊறியிருந்தா தீப்பிடிக்கவும் வழி. இன்ஜின் அறைக்குன்னே விக்கிற, தீப்பிடிக்காத ஃபோமை நடுப்பகுதியில மட்டும் ஒட்டுங்க. பின் ஓரத்துக்கு அலுமினிய முகம் வச்ச கண்ணாடி இழைத் தகடு. கவரோட ஒட்டாம 5 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினா இன்னும் நல்லது.

யாரும் சொல்லாத இன்னொண்ணு. கார்பன் மின்சாரம் கடத்தும். இக்னிஷன் காயில் கனெக்டர், பேட்டரி பாசிட்டிவ் கேபிள் எதுலயும் உரசக் கூடாது. அலுமினியத்தோட நேரா தொட்டா, கடல் காத்து உப்பு ஈரமும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிக்கும். ரப்பர் க்ரோமெட்ல உட்கார்ந்தா பிரச்சினை இல்லை. திருகு போடுற இடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுக்கு அடியில நைலான் வாஷர்.

பின்னாடி கிளியர் கோட் மங்கினா: கழட்டி, டிகிரீசர் போட்டுக் கழுவி, 600, அப்புறம் 800 தாள்ல தண்ணி விட்டுத் தேய்ங்க. 2கே (இங்க இழை எண்ணிக்கை இல்லை, ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு பாகப் பூச்சு) பாலியூரிதேன் கிளியர் மெல்லிசா மூணு கோட், நடுவுல 10–15 நிமிஷம் இடைவெளி. ஒரு வாரம் காயவிட்டு மாட்டுங்க. மாஸ்க் கட்டாயம், உலர்வாத் தேய்க்கவே கூடாது. தேய்க்கிற தண்ணி பால் நிறத்துல வர்ற வரைக்கும் சரி. கறுப்பா வந்தா இழையைத் தொட்டுட்டீங்க, அந்த இடத்தை உடனே விட்டுடுங்க.