குடும்ப மருத்துவரின் கவனக்குறைவால் அப்பாவின் பாதம் போயிற்று: இழப்பீடு கேட்க வழி உண்டா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். என் தந்தைக்கு வயது 64. நெடுநாள் நீரிழிவு நோயாளியான அவர், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கிளினிக்கில்தான் எப்போதும் பார்த்துக்கொள்வார். குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ளும் சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்திலும் அங்கேயே பதிந்திருக்கிறார். சென்ற ஆண்டு செப்டம்பரில் புதுக் காலணி கடித்து இடது கால் பெருவிரலில் புண் வந்தது. மருத்துவர் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டு, கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார். அடுத்தடுத்துப் போனபோதும் அதுவே நடந்தது. விரல் கறுக்கத் தொடங்கியதைக் காட்டியபோதுகூட, சர்க்கரை அதிகமாக இருப்பதால்தான் ஆறத் தாமதமாகிறது என்றாரே தவிர, மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நவம்பரில் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாகச் சொல்லி, அதைத் திறக்க முயன்று பலனில்லாமல் முன்பாதத்தை அகற்றினார்கள். அவர் பாதுகாவல் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலைக்கு இனி அவரால் திரும்ப இயலாது.

இந்நிலையில் கிளினிக் நிர்வாகி தொலைபேசியில் அழைத்து, நல்லெண்ண அடிப்படையில் 2,000 வெள்ளி தருவதாகக் கூறி ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறார். "இவ்விவகாரத்தில் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக" அத்தொகையை ஏற்பதாக அப்பா கையொப்பமிட வேண்டுமாம். அப்பாவோ, "பாவம், இத்தனை வருஷம் பார்த்த டாக்டர்" என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் இழப்பீடு கிடைக்குமா? அவரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்ட நான் என் பெயரில் வழக்குத் தொடுக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோபாயோ வாசகர் எழுதியது:

கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். மருத்துவ மன்றத்தைப் பொறுத்தவரை, எங்கள் உறவினர் ஒருவருக்காகப் புகார் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: புகாருடன் சத்தியப் பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும், விசாரணை நீண்ட காலம் எடுக்கும், முடிவில் மருத்துவருக்கு எச்சரிக்கையோ அபராதமோ பணி இடைநீக்கமோ விதிக்கப்படலாம். அந்த அபராதத்தில் ஒரு காசுகூட நோயாளிக்கு வராது. அது மருத்துவரின் ஒழுக்கத்தை விசாரிக்கும் இடமே தவிர, இழப்பை ஈடுசெய்யும் இடமன்று.

முன்னாள் தாதி எழுதியது:

பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுப் பாதப் பரிசோதனை செய்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது. நீரிழிவு நோயாளி காலில் புண்ணோடு வந்தால் புண்ணை மட்டும் பார்ப்பது போதாது. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நாடி தட்டுப்படாத காலில் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் புண் ஆறுவது கடினம், ஏனெனில் மருந்தைக் கொண்டு சேர்க்க அங்கே ரத்தம் போவதில்லை. விரல் கறுத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் நாங்கள் கற்ற முறை. ஆகவே கிளினிக் பதிவேட்டில் நாடியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பாதப் பரிசோதனை எப்போது செய்யப்பட்டது, மூன்று மாதச் சர்க்கரை அளவு என்னவாக இருந்தது என்பவற்றை முதலில் பாருங்கள். மருந்துப் பொட்டலங்களின் மேல் தேதியும் மருந்தின் பெயரும் ஒட்டப்பட்டிருக்கும். காலியானவையானாலும் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

சட்ட அலுவலக ஊழியர் எழுதியது:

நான் வழக்கறிஞர் அல்லேன். விபத்து, காய வழக்குகளைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் கோப்புகளைத் தயாரிப்பவன். எனவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் படித்துக்கொள்ள வேண்டிய குறிப்பாகக் கொள்ளுங்கள்.

வழக்கு தொடுக்க வேண்டியவர் உங்கள் தந்தையே. தெளிந்த சிந்தையோடு இருக்கும் ஒருவருக்காக அவர் பிள்ளை தன் பெயரில் வழக்காட முடியாது. ஆனால் நீங்கள் வேலையை விட்டு அவரைக் கவனித்துக்கொள்வதற்கான மதிப்பை, அவருடைய கோரிக்கையின் ஒரு பகுதியாகக் கேட்க முடியும். ஆகவே பழைய சம்பளச் சீட்டையும் வேலையிலிருந்து விலகிய கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கால வரையறையைப் பொறுத்தவரை, உடற்காயக் கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுகள். தீங்கு நேர்ந்ததும் அதற்கு யார் காரணம் என்பதும் பின்னரே தெரியவந்தால் அவ்வாறு தெரிந்த நாளிலிருந்து எண்ணவும் சட்டத்தில் இடமுண்டு. இருந்தாலும் அந்த வாதத்தை நம்பிக்கொண்டிராமல், செப்டம்பரில் முதன்முதலாகக் கிளினிக்குக்குப் போன நாளிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மருத்துவ மன்றத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நின்றுவிடாது.

இத்தகைய வழக்கில் பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே, அதாவது மருத்துவர் தவறினாரா என்பதிலேயே, முழுக் கவனத்தையும் வைத்துவிடுகிறார்கள். அக்கேள்விக்கு நீதிமன்றம் பொறுப்புள்ள குடும்ப மருத்துவர்கள் இந்நிலையில் என்ன செய்திருப்பார்கள் என்பதையும், அவர்களுடைய கருத்து தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் உறுதிப்படுத்திய அளவுகோல் இது. எனவே உங்களுக்குச் சாட்சியம் சொல்ல வேண்டியவர் இன்னொரு குடும்ப மருத்துவர். பெரிய மருத்துவமனையின் ரத்தக்குழாய் நிபுணர், "நான் உடனே கண்டுபிடித்திருப்பேன்" என்று சொல்வது இந்த இடத்தில் அவ்வளவாகப் பயன்படாது.

அந்த நிபுணர் தேவைப்படுவது இரண்டாவது கேள்விக்கு. அக்டோபரிலேயே மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால் பாதம் தப்பியிருக்குமா? தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிறுவ வேண்டியது உங்கள் பக்கம். நுரையீரல் புற்றுநோயைக் கண்டறியத் தாமதமான வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்பை இங்கே கவனிக்க வேண்டும். நோயாளியை முன்பே பார்த்த நிபுணர் ஒருவர் தம் கடமையில் தவறினார் என்றே நீதிமன்றம் கண்டது. ஆயினும் அந்தக் காலத்தில் நுரையீரலில் இருந்த கட்டி புற்றுநோயாக மாறியிருந்தது என்று நிறுவப்படாததால் அவர்மீது பொறுப்பு விழவில்லை. பிந்திய ஆண்டுகளில் பரிசோதனை முடிவுகளை முறையாகப் பின்தொடராத மருத்துவமனையின்மீதுதான் விழுந்தது. உங்கள் தந்தையின் ரத்தக்குழாய் முன்பே முற்றிலும் அடைபட்டிருந்தது, எப்படியும் பாதம் போயிருக்கும் என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். அதற்குப் பதில் அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் படங்களிலும், விரல் எந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கான சான்றிலும்தான் இருக்கிறது. அந்த வாரங்களில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் கால் படம் அனுப்பியிருந்தால், அது மற்ற எந்தத் தாளையும்விடப் பெறுமதியானது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வென்றால் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞரோடு பேசிக்கொள்ள இங்கே அனுமதி இல்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியையும் நீங்களே ஏற்க நேரிடலாம். குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ உள்ளவர்கள், வருமான வரம்புக்குள் இருந்து வழக்கிலும் சாரம் இருந்தால், அரசின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். கோரும் தொகை 60,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஆனால் வழக்குக்குமுன் சமரசத்தை முயன்று பார்க்கலாம். மருத்துவர்கள் பொதுவாகத் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி வைத்திருப்பார்கள். வலுவான நிபுணர் அறிக்கை ஒன்று கைக்கு வந்த பிறகு காப்புறுதித் தரப்போடு பேசுவதும், இப்போது நிர்வாகியோடு தொலைபேசியில் பேசுவதும் முற்றிலும் வேறு வேறு பேச்சுகள்.

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. படங்கள் இருக்கின்றன, ஜொகூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அப்பா வாரந்தோறும் அனுப்பியிருக்கிறார். ஆனால் இரண்டு சிக்கல்கள். விரல் கறுத்த அன்று பார்த்தவர் வழக்கமான மருத்துவர் அல்லர், அவருக்குப் பதிலாக வந்த தற்காலிக மருத்துவர் என்று இப்போதுதான் அப்பா சொல்கிறார். அதோடு, "மோசமானால் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னோம்" என்று நிர்வாகி கூறுகிறார். அப்படி யாரும் சொன்னதாக அப்பாவுக்கு நினைவில்லை.

சட்ட அலுவலக ஊழியர் எழுதியது:

தற்காலிக மருத்துவர் என்றால் எதிர்த்தரப்பில் யார் யாரைச் சேர்ப்பது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்ய வேண்டும். கிளினிக்கை நடத்தும் நிறுவனம் எது என்பதை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் சிறு கட்டணத்துக்குத் தேடி அறியலாம்.

இரண்டாவது விவகாரம்தான் கனமானது. நோயாளிக்கு அறிவுரை கூறுவது பற்றி 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப் பிரிவின்படி, சக மருத்துவர்கள் ஏற்கும் வகையில் அறிவுரை தரப்பட்டதா என்பதோடு, அந்த நோயாளி தகவலறிந்து முடிவெடுக்கத் தேவையான செய்திகள் அதில் இருந்தனவா என்பதும் பார்க்கப்படும். நீரிழிவு நோயாளியிடம் "மோசமானால்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அதுவே போதுமா என்று நிச்சயம் கேட்கலாம். மாறாக, தெளிவாகச் சொல்லியும் அவர் போகவில்லை என்று நிறுவப்பட்டால், அவர் பங்குக்கு இழப்பீடு குறைக்கப்படும். அதனால் அன்றைய பதிவேட்டுக் குறிப்பு இன்றியமையாதது. முழுமையான மருத்துவக் குறிப்புகளின் நகலையும் மருத்துவ அறிக்கையையும் கேட்டு, அப்பாவின் கையொப்பத்தோடு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அதில் குற்றச்சாட்டு எதுவும் எழுத வேண்டாம். 2,000 வெள்ளிக் கடிதத்துக்கு, "ஆவணங்களைப் பார்த்த பிறகு பதில் அளிப்போம்" என்ற ஒரு வரி போதும். கூகுள் மதிப்புரையில் மருத்துவரின் பெயரைப் போட்டு எழுதுவதை வழக்கறிஞரைப் பார்க்கும்வரை தள்ளிவையுங்கள். அவதூறு வழக்கு ஒன்று குறுக்கே வந்தால் இந்தக் கோப்பு ஓர் அடிகூட நகராது.