ஒரே ஒரு படகுக்கு அச்சு எதற்கு?

பழவேற்காடு ஏரியில் ஓட்டுவதற்காக 12 அடியில் ஒரு துடுப்புப் படகு கட்டினேன். பைபர் (கண்ணாடியிழை) படகு என்றால் அச்சில்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கரையில் பார்க்கிறதெல்லாம் அப்படித்தானே வருகிறது. முதலில் மரத்தில் பிளக் (படகின் வடிவ மாதிரி), அதன்மேல் அச்சு, அச்சுக்குள் படகு. ஒன்றுக்கு மூன்று படகு வேலை. பிளக்குக்குப் பட்டி பூசித் தேய்த்தே இரண்டு மாதம் போனது. கொடியில் கிடந்த துணியை உதறினால்கூட வெள்ளைத் தூள். இருபது முப்பது படகு எடுப்பவருக்கு அச்சு கட்டுப்படியாகும், எனக்கு ஒன்றுதானே வேண்டும்?

அச்சே வேண்டாமென்று பிளக்கைப் பிரித்து, குறுக்குச் சட்டங்களை மட்டும் அரை மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து நிறுத்தினேன். நீளவாக்கில் ரீப்பர், அதன்மேல் பி.வி.சி. ஃபோம் பட்டைகள். தெர்மாகோல் மலிவாயிற்றே என்று ஒரு துண்டில், கண்ணாடியிழையை இறுக்கும் பிசினான பாலியெஸ்டர் ரெசினைத் தடவிப் பார்த்தேன். கண்ணெதிரே குழிந்து கரைந்தது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பான் செய்கிற வேலை அது.

வெளிப்பக்கம் கண்ணாடியிழை போட்டுக் காய்ந்ததும் நிமிர்த்தினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். உள்பக்கமும் இழை ஏறும்வரை ஓடு தொளதொளவென்றுதான் இருக்கும். வடிவத்துக்கு ஒரு தொட்டில் செய்து வைத்துக்கொண்டு நிமிர்த்தியிருக்க வேண்டும். செய்யவில்லை, நடுவில் ஒன்றரை அங்குலம் அகன்றுவிட்டது. துடுப்பு மாட்டும் இடத்தில் மட்டும் ஃபோமுக்குப் பதில் பிளைவுட் வைத்தேன். அது நல்ல புத்தி. வெறும் ஃபோமில் போல்ட்டை முறுக்கினால் நசுங்கும், தண்ணீரும் உள்ளே போகும்.

தேய்ப்பிலிருந்து தப்பித்தேனா என்றால், இல்லை. அங்கே பிளக்கைத் தேய்த்தேன், இங்கே படகையே தேய்த்தேன்.

* * *

அண்ணே, இவ்வளவு பாடு எதற்கு? நான் 6 மி.மீ. மரைன் பிளையை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) வெட்டி, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்தேன். தையல் மேல் மரத்தூள் கலந்த எபாக்சி (இன்னொரு வகை ரெசின்), அதன்மேல் கண்ணாடியிழைத் துணி. 1960-களில் இங்கிலாந்தில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை இப்படித் தைத்துத்தான் வீடுகளிலேயே கட்டினார்கள். வளைவு குறைவாக, பலகை பலகையாகத்தான் வடிவம் வரும். ஏரிக்கு அது போதும்.

நான் சொதப்பியது மேட் விஷயத்தில். கடையில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (நெய்யாமல், நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) கொடுத்தார்கள், வாங்கி வந்துவிட்டேன். எபாக்சியை எவ்வளவு உருட்டியும் மேட் இளகவே இல்லை, அங்கங்கே வெள்ளையாக நின்றது. இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையுமாம். எபாக்சியில் அது ஏது? உரித்துப் போட்டுவிட்டு நெய்த துணி வாங்கினேன்.

* * *

இரண்டு பேருமே சுற்றி வளைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு படகுப் பட்டறையில் பழைய அச்சு ஒன்று சும்மா கிடந்தது. வாடகை பேசி, மேஸ்திரி பக்கத்தில் நிற்க, நானே மேட் போட்டேன். நான்காம் நாள் படகு வெளியே வந்துவிட்டது. வடிவம் நம் விருப்பத்துக்கு வராது, அதுதான் குறை.

அங்கே கற்றது இரண்டு. ரெசின் இறுகுவதற்காகக் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். அப்புறம், சித்திரை வெயிலில் ஒரு மக் நிறையக் கலக்காதீர்கள். நான் கலக்கியது பத்து நிமிடத்தில் கொதித்து, புகைந்து, மக்கோடு கட்டியாகிவிட்டது. மேஸ்திரி அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்.

* * *

தம்பி, அந்த அச்சு எத்தனை அடி? வாடகை நாள் கணக்கா, படகுக் கணக்கா? என் படகைப் பார்த்துவிட்டு மச்சானும் ஒன்று கேட்கிறான். இன்னொரு முறை உப்புத்தாள் பிடிக்க எனக்குத் தோளில் வலு இல்லை.