மேல்நாட்டு இசை மேதை மோசார்ட்டைப் பற்றிய அமடேயஸ் படத்தைப் பார்த்த பிறகு தூக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

குடியாத்தம்:
கதை எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். மோசார்ட்மேல் பொறாமைப்பட்ட இசையமைப்பாளர் சாலியரி, கிழவரான பிறகு பாதிரியாரிடம் மோசார்ட்டின் அந்த அடாஜியோவை, அதாவது மெதுவாகப் போகும் பகுதியைப் பற்றிச் சொல்வாரே, அந்த இடம். கீழே பாசூன்கள், கனத்த குரல் ஊதுவாத்தியங்கள், தம் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். திடீரென்று மேலே ஓபோ என்ற இன்னொரு ஊதுவாத்தியத்தின் ஒற்றைச் சுரம், ஆடாமல் அசையாமல் நிற்கும். அதைக் கிளாரினெட் வந்து வாங்கிக்கொள்ளும். இரண்டு மாதமாக நான் அங்கேயே கிடக்கிறேன். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும்.

எங்கள் நைனா நாற்பது வருஷம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாணம், சாமி ஊர்வலம், சாவு எல்லாம். முன்பல் விழுந்ததும் நிறுத்திவிட்டார். போன வாரம் அவர் கட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து அந்தக் காட்சியைப் போட்டேன். இங்கிலீஷ் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. கிளாரினெட் உள்ளே வந்ததும் அவர் விரல்கள் தொடைமேல் இறங்கி ஓட ஆரம்பித்தன. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார், ரீடு வைத்திருப்பதுபோல.

“இன்னாடா, மூச்சு எங்க எடுக்கறான்னே தெரியல. யார்ரா இது?”

“மோசார்ட், நைனா.”

“எழுதினவன கேக்கலடா. வாசிச்சவன் யாரு?”

என்னிடம் பதில் இல்லை. இத்தனை தடவை பார்த்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் மனசை அறுக்கிறது.

வேலூர்:
தம்பி, படம் அருமைதான். ஆனால் பார்த்த எல்லோரும் மோசார்ட்டைச் சாலியரிதான் கொன்றான் என்று நம்பிவிடுகிறார்கள், அதை என்னால் தாங்க முடியவில்லை. பீட்டர் ஷாஃபரின் நாடகத்தை வைத்து எடுத்த படம் அது, வரலாறு இல்லை. பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் சொல்லிக்கொடுத்த மனிதர் சாலியரி. மோசார்ட்டின் சின்ன மகனுக்கும் அவர்தான் வாத்தியார். மோசார்ட்டிடம் ரெக்வியம் என்ற இரங்கல் இசை கேட்டு ஆள் அனுப்பியது வால்செக் என்ற பிரபு, செத்துப்போன மனைவிக்காக. மோசார்ட் முடிக்காமல் விட்டதை முடித்தவர் ஸூஸ்மேயர். படத்தில் வருவதுபோல மோசார்ட் சொல்லச் சொல்ல சாலியரி படுக்கையருகில் உட்கார்ந்து எழுதவே இல்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சர்ச் பாடகர் குழுவில் நான் பேஸ், அதாவது கீழ்க் குரல். ஒரு தடவை அந்த ரெக்வியத்தில் வரும் லாக்ரிமோசா பகுதியைப் பழகிக்கொண்டிருந்தோம். எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) மாஸ்டர் கையை இறக்கிவிட்டார். “மோசார்ட் கையெழுத்து இதோடு நிற்கிறது” என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பதாவது பாரை அன்று யாரும் பாடவில்லை.

வாலாஜா:
மேலே எழுதியவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எழுதவில்லை என்பதாலேயே அந்தக் காட்சி பொய்யாகிவிடுமா? ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி எடுப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எங்கள் சௌராஷ்டிர ஜனம். அந்தக் குடும்பம் காப்பாற்றி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் இல்லையென்றால் எத்தனை கீர்த்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

எங்கள் பாட்டிக்கு நாகையாவின் தியாகய்யா படத்து மேல் பித்து. 1946இல் வந்தது. டிவியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவாள். அண்ணன் ராம விக்கிரகத்தைக் காவேரியில் எறியும் இடம் வரும்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சாமி கிடைத்துவிட்டது என்று நாங்கள் கத்தினால்தான் திரும்பி வருவாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. அமடேயஸில் சாலியரி பேனாவோடு திணறுவதைப் பார்த்தபோது எனக்குப் பாகவதர் ஞாபகம்தான் வந்தது. இரண்டு பேரும் மேதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஒருவருக்குப் பொறாமை, ஒருவருக்குப் பக்தி.

காட்பாடி:
காலேஜ் படிக்கும்போது ஒரே ஒரு தடவை பார்த்தேன், மறுநாள் பரீட்சையைக் கோட்டைவிட்டேன். என் கதை அவ்வளவுதான். குடியாத்தம் நண்பருக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில், செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாசூன் பாதி காணாமல் போய்விடும், அடியில் அது இல்லாமல் ஓபோ மேலே நிற்பதற்கு அர்த்தமே இல்லை. 1984இல் வந்த படத்தையே பாருங்கள். 2002இல் வந்த நீட்டிய வடிவம் இருபது நிமிஷம் கூடுதல், அதை அப்புறம் பார்க்கலாம். அந்த அடாஜியோ மட்டும் போதாது. அது ஏழு பகுதி கொண்ட செரினேடு, பதின்மூன்று வாத்தியம், முழுசாகக் கேளுங்கள். அப்புறம் 1791இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோவின் (கிளாரினெட் முன்னால் நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிப்பது) நடுப்பகுதி. அதை நைனாவோடு சேர்ந்து கேளுங்கள். முன்பல் போனால் வாசிப்பே போச்சு என்று விடாதீர்கள், பல் செட் கட்டிக்கொள்ளலாம், நல்ல டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. படத்துக்கு வாசித்தது லண்டன் குழு, நடத்தியவர் நெவில் மாரினர். ஆனால் மோசார்ட் காலத்துக் கிளாரினெட்காரர் பெயர் ஆன்டன் ஸ்டாட்லர். 1784இல் வியன்னாவில் அவருடைய கச்சேரியில்தான் இந்தச் செரினேடின் சில பகுதிகளை வாசித்தார்கள். கான்செர்ட்டோவும் அவருக்காக எழுதியதே. மோசார்ட் இறந்தபோது ஸ்டாட்லர் அவருக்கு 500 கில்டர் கடன்பட்டிருந்தார்.

குடியாத்தம்:
காட்பாடி அண்ணே, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி நைனாவிடம் சொன்னேன். “ஸ்டாட்லரு, ஸ்டாட்லரு” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடன் விஷயத்தையும் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“திருப்பிக் குடுத்தானாடா?”